கால் வரவில்லை

வேலங்குடிக் கோயிலின் கீழவாசலை விட்டு வெளியே வந்தால் எதிரும் புதிருமாக இரண்டு டீக்கடைகள். வலப்பக்கத்துக் கடையில் ஆற்றிக் கொடுப்பதை டீ என்று சொல்ல நாக்குக் கூசும். அங்கே நிற்க இடமில்லை. இடப்பக்கத்துக் கடையில் மைதீன் பிச்சை இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுப் பாலைத் திரளத் திரளக் காய்ச்சி வைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் காலை நடையியல் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

“செய்வினை வச்சிட்டான் டாக்டரம்மா. எனக்கு மட்டுமில்ல, எங்க வரிசையே படுத்துப் போச்சு. பாத்திரக் கடையை மூடியாச்சு. சலூன்காரர் ஊரை விட்டே போயிட்டாரு. ஜனங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, பாய் சௌக்கியமான்னு கேக்கிறாங்க, கேட்டுட்டு நேரா அந்தக் கடைக்குப் போறாங்க. ஏன்யா இப்படின்னு சட்டையைப் பிடிச்சுக் கேட்டா, ‘என்னமோ தெரியல பாய், கால் வரல’ங்கிறான். கால் விஷயம்னா இந்த ஊர்ல உங்களை விட்டா எனக்கு யாரு?”

டாக்டர் உமையாள் சிரித்துவிட்டாள். அவள் ஊசி போடும் டாக்டர் அல்ல, இயற்பியல் டாக்டர். ஆனால் வேலங்குடியில் தவழும் பிள்ளைகளையும் அவளுடைய அண்ணனையும் தவிர எல்லோர் முழங்காலிலும் மாட்டியிருந்த நடைத்துணை அவளுடைய கண்டுபிடிப்பு. ஆகவே ஊருக்கு அவள்தான் கால் டாக்டர்.

நடப்பது என்பது விழாமல் விழுந்துகொண்டே போவது. ஊன்றிய காலின் மேல் உடம்பு ஏறி, மறுபக்கம் சாய்ந்து இறங்கும்போது அடுத்த கால் வந்து தாங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இலவசம். செலவு வேறிடத்தில் இருக்கிறது. வீசிய காலை ஒவ்வொரு அடியின் முடிவிலும் தொடைத் தசை பிரேக் போட்டு நிறுத்த வேண்டும். சாப்பிட்ட சோற்றில் ஒரு பங்கு இந்தப் பிரேக்கிலேயே சூடாகிப் போகிறது. நடைத்துணை அந்தப் பிரேக்கைத் தான் வாங்கிக்கொண்டது. முழங்காலில் சிக்கும் விசையைச் சிறு சுருளில் பிடித்து, குதிகால் கிளம்பும் நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது. மின்சாரம் கேட்கவில்லை, பெட்ரோல் கேட்கவில்லை. அடிக்கொரு தரம் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்துத் தெரு நடந்தவருக்கு ஆறு தெரு நடந்த களைப்பு. ஊருக்குள் ஸ்கூட்டர்கள் துருப்பிடித்தன. முட்டிவலிக்காரர்கள் சந்தைக்கும் சினிமாவுக்கும் நடந்தே போனார்கள்.

“பாய், உங்க டீயில சர்க்கரை கூடப் போச்சோ என்னமோ,” என்று கேலி செய்துகொண்டே அவரை மாடி ஜன்னலுக்கு அழைத்துப் போனாள். கீழவாசல் அங்கிருந்து நன்றாகத் தெரியும். காலைப் பூஜை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. உமையாளுக்குச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. வந்த கூட்டம் அத்தனையும், வேறு வேலை இல்லாமல் காற்று வாங்கப் போகிற கூட்டம், குழாயைத் திறந்துவிட்ட தண்ணீர் போல வலப்பக்கமே வழிந்தது. இடப்பக்கம் திரும்பியவர்கள் கையில் பையோ சாப்பாட்டுக் கேரியரோ வைத்துக்கொண்டு எங்கோ குறியாகப் போகிறவர்கள் மட்டுமே. நிழல்கூட இடப்பக்கம்தான் இருந்தது. இருந்தும் ஜனங்கள் வெயிலில் போய் நின்று மட்டமான டீயைக் குடித்தார்கள்.

“யா அல்லா,” என்றார் மைதீன் பிச்சை. அவரே அதை உயரத்தில் இருந்து பார்த்ததில்லை.

உமையாள் கீழே இறங்கி ஓடினாள். எந்திரப் பொறியாளர் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டாள். ஆய்வகத்துக் கூடத்தில் நடைவளையம் என்று ஒரு வட்டப் பாதை உண்டு. ஒருவரை அதில் நடக்கவிட்டு, மூக்கிலும் வாயிலும் மூச்சளவியைப் பொருத்தினால், அவர் இழுக்கும் பிராணவாயுவை வைத்து ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது என்று சொல்லிவிடலாம். மைதீன் பிச்சையையே நடக்கச் சொன்னார்கள். முதலில் வலமாக. பிறகு இடமாக.

“ஏதாவது வித்தியாசம் தெரியுதா பாய்?” என்று கேட்டார் ஆரோக்கியசாமி.

“ஒண்ணும் தெரியலையே சார். நடக்கிறேன், அவ்வளவுதான்.”

அவருக்குத் தெரியவில்லை. மூச்சளவிக்குத் தெரிந்தது. இடப்பக்கம் வளையும்போது ஒவ்வொரு தடவையும் செலவு நூற்றுக்கு மூன்று கூடியது. ஆளை மாற்றிப் பார்த்தார்கள். உமையாளே நடந்தாள். அதே மூன்று.

ஆரோக்கியசாமி தன் முழங்காலில் இருந்த நடைத்துணையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “மேடம், நாம இதுக்கு எங்கே நடை சொல்லிக் கொடுத்தோம்?”

“கோயில் வெளிப் பிரகாரத்தில.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

நடைத்துணைக்குள் ஒரு சிறு மூளை உண்டு. எந்தக் காலுக்கு எந்த நொடியில் எவ்வளவு விசை கொடுப்பது என்பதை அது ஆயிரக்கணக்கானவர்கள் நடப்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது. அதற்குத் தோதான இடமாகப் பிரகாரத்தைத் தேர்ந்தெடுத்தவள் உமையாள். சமமான கருங்கல் தளம், செருப்பில்லாத கால், குழந்தை முதல் கிழம் வரை எல்லா வயதும், அதுவும் தினமும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எந்த நாட்டு ஆய்வகத்தில் கிடைக்கும் என்று அவள் மேடைகளில் பெருமை அடித்துக்கொண்டதுண்டு. பிரகாரத்தில் யாரும் இடமாகச் சுற்றுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயம் என்பதாலேயே தோன்றவில்லை. நாலு மூலை, நாலும் வலப்பக்கத் திருப்பம். வலப்பக்கம் திரும்புவதில் அந்த மூளை பண்டிதனாகியிருந்தது. இடப்பக்கம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதே அதற்குச் சொல்லப்படவில்லை.

“ஒரே ஒருத்தரை இடமாச் சுத்தச் சொன்னோம்,” என்றார் ஆரோக்கியசாமி. “ஞாபகம் இருக்கா? ‘என் குடும்பம் நல்லா இருக்கவேண்டாமா’ன்னு கருவியை என் கையில திணிச்சுட்டு ஓடிட்டாரு. சரி போகட்டும், வலம் என்ன இடம் என்ன, கால் ஒண்ணுதானேன்னு நாமளும் விட்டுட்டோம்.”

“ஆனா வெறும் மூணுதானே சார்,” என்றார் மைதீன் பிச்சை. “மூணுக்கா என் பொழப்பு போச்சு?”

“உடம்பு பெரிய கஞ்சன் பாய்,” என்றாள் உமையாள். குரல் அவளுடையதாகவே இல்லை. “வேகமா நடந்துகிட்டே போங்க. ஒரு கட்டத்துல நடக்கிறதைவிட ஓடுறது மலிவுன்னு ஆகும். அந்த இடத்துல கால் தானா ஓட ஆரம்பிச்சிடும். நீங்களா முடிவு பண்ணினீங்க? கால்தான் பண்ணும். மனசு பின்னாடியே வந்து, ஆமா நான்தான் ஓடணும்னு நினைச்சேன்னு கையெழுத்துப் போடும். அந்த மாதிரி, இடப்பக்கம் ஒரு மேடு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கால் அதைப் பார்த்துட்டு வலப்பக்கம் போகுது. மனசு, எனக்கு அந்தக் கடை டீதான் பிடிக்கும்னு சொல்லிக்குது.”

மைதீன் பிச்சை, “அப்ப செய்வினை இல்ல! மெஷின்!” என்று கத்திக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடினார். சந்தோஷத்தில் கருவியைக்கூடக் கழற்றவில்லை.

உமையாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் டீக்கடையை நினைக்கவில்லை. தேரடி முக்கை நினைத்தாள். தேரடியில் வலப்பக்கம் திரும்பினால் காய்கறிச் சந்தை. இடப்பக்கம் திரும்பினால் தோப்புத் தெரு. தோப்புத் தெருவில் அவளுடைய அண்ணன் வயிரவன் வீடு.

வயிரவன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடைத்துணையை ஊருக்கு அறிமுகம் செய்த விழாவில், மேடையில் மந்திரி உட்கார்ந்திருக்கும்போது, “நல்லா இருக்கிற காலுக்கெல்லாம் ஊன்றுகோல் கட்டிவிட்டுட்டா என் தங்கச்சி” என்று எழுந்து நின்று சொன்னார். கூட்டம் சிரித்தது. இனி உங்கள் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று அன்று அவள் சொன்னாள். அது கோபத்தில் சொன்னது. அண்ணி விசாலத்தின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. தாயில்லாத உமையாளுக்குத் தலைவாரிவிட்டு, பரீட்சைக் காலத்தில் கூடவே கண்விழித்து வளர்த்தவள் அண்ணிதான். அண்ணி படுக்கையில் விழுந்தபோது பார்க்கக் கிளம்பினாள். தேரடி வரை வந்து, நாளைக்குப் போகலாம் என்று திரும்பினாள். இப்படிப் பல நாளைகள் போயின. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணி செத்துப்போன செய்தி வந்த அன்றும் அழுதுகொண்டேதான் கிளம்பினாள். தேரடியில் நின்றாள். கால் வரவில்லை. சுயநினைவு வந்து பார்த்தபோது சந்தைக்குள் கொத்தமல்லிக் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வளர்த்தவள் சாவுக்குப் போகாத கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. ஊர் பேசியதைவிட மோசமாக அவள் தன்னைப் பேசிக்கொண்டாள்.

இப்போது மேசைமேல் கிடந்த கருவியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயங்கரமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறை நகர்வது போலவும் இருந்தது. நான் போகாமல் இருக்கவில்லை. என்னைப் போகவிடவில்லை. என் கையால் செய்த சனியனே என்னைப் போகவிடவில்லை!

முழங்கால் பட்டைகளை அவிழ்த்தெறிந்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். கால் இரண்டும் வேறு யாருடையவோ போலக் கனத்தன. ஆறு வருஷமாகக் கடன் வாங்கிய விசையில் நடந்த தொடை ஒவ்வொரு அடிக்கும் முனகியது. தேரடி வந்தது. இடப்பக்கம் திரும்பினாள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, வெறும் தெரு. அதைக் கண்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

கதவு திறந்தே இருந்தது. வயிரவன் கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தனியாளின் சமையல். நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்க்குமுன் அவள் முழங்காலைப் பார்த்தார்.

“எங்கே உன் எந்திரம்?”

“கழட்டிப் போட்டுட்டேன் அண்ணே.”

“ஓடியா வந்தே?”

அவளுக்கு மூச்சு இரைத்தது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். பிரகாரம், வலம், இடம், மூச்சளவி, மைதீன் பிச்சையின் டீ. “நான் வந்தேன் அண்ணே. அன்னைக்கு வந்தேன். அண்ணி படுத்திருந்தப்பவும் வந்தேன். தேரடி வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல கால் வரல. நான் கல்நெஞ்சுக்காரி இல்ல அண்ணே, இது விட்டாத்தானே!”

வயிரவன் முறத்தைக் கீழே வைத்தார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதியே வளர்ந்த மனிதர், மேல்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டா. உமையா வந்தாச்சா, உமையா வந்தாச்சான்னு. வருவா வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம் உன்னைத் திட்டாத நாளில்ல. எல்லாம் என் வாயால வந்த வினைன்னு என்னையும் திட்டிப்பேன். போகட்டும், இப்பவாவது தெரிஞ்சுதே. உட்காரு, முதல்ல தண்ணி குடி.”

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்தாள். அந்த வீட்டுத் தண்ணீரின் ருசியே அவளுக்கு மறந்திருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். பிறகு பி.டி. மாஸ்டருக்கே உரிய ஆர்வத்தில், கள்ளங்கபடம் இல்லாமல் அவர் கேட்டார்.

“அந்த மேடு எத்தனை பெரிசு? ஆளைப் புடிச்சுத் தள்ளுமா?”

“தள்ளாது அண்ணே. இருக்கிறதே தெரியாது.” பத்திரிகைக்காரர்களுக்கு விளக்கிப் பழகிய வாய் தானாகவே பேசியது. “இடுப்பில ஒரு சொம்புத் தண்ணியை வச்சுக்கிட்டு ஏழெட்டு அடி நடந்தா எப்படி இருக்கும், அந்த அளவுதான்.”

“ஒரு சொம்புத் தண்ணியா?”

“ஆமா.”

அவர் பட்டாணித் தோலை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் குற்றம் சாட்டவில்லை. கணக்குப் பிடிபடாத பிள்ளை சத்தமாக யோசிப்பது போலத்தான் சொன்னார்.

“அன்னைக்குத் தெருவில நிக்க இடமில்ல உமையா. என்கிட்ட படிச்ச பசங்க, பேங்க் மேனேஜர், மீன்காரம்மா, பேர்கூடத் தெரியாத ஜனமெல்லாம் வந்துச்சு. அத்தனை பேர் முட்டியிலயும் உன்னுதுதான். டிக் டிக்குனு அந்தச் சத்தம், அவளைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் கூடவே வந்துச்சு.”

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து சமையற்கட்டுக்குப் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் நின்றார்.

உமையாள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு மூன்று யாரைச் சாய்க்கும் என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? எங்கே போவது என்ற முடிவோடு போகிறவனை அது ஒன்றும் செய்யாது. எதுவானாலும் சரி என்று நிற்பவனை மட்டும்தான் சாய்க்கும். சாப்பாட்டுக் கேரியரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் இடப்பக்கம் திரும்பத்தான் செய்தான். அதைக் காலையில் ஜன்னலில் நின்று தன் கண்ணாலேயே பார்த்தாள். மீன்காரம்மா அந்தச் சொம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், தூக்குவதே தெரியாமல். அண்ணி சாவுக்குப் போவதா வேண்டாமா என்பது தனக்கு மட்டும் எந்தக் கடையில் டீ குடிப்பது என்கிற அளவில் இருந்திருக்கிறது. ஒருவர் மேல் இன்னொருவர் வைத்திருக்கும் பாசத்தை அளக்க அவள் ஒரு கருவி செய்ததில்லை. ஆனாலும் அளந்தாகிவிட்டது.

வெளியே தெருவில் இரைச்சல் கேட்டது. உமையாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். மைதீன் பிச்சை சும்மா இருக்கவில்லை. செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கருவிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் இடப்பக்கத் தெருக்களுக்குள் ஓடி வந்தார்கள். வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத சித்தப்பன் வீட்டுக் கதவையும் பேச்சு விட்டுப்போன சிநேகிதன் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை, மெஷின்.

எதிர்வீட்டிலிருந்து குமரேசன் என்பவன் தன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தான். அவன் தெற்குத் தெருவில் குடியிருப்பவன். பெரியவர் தனியாகத்தான் இங்கே இருந்தார்.

“டாக்டரம்மா, நல்லவேளை இங்கயே இருக்கீங்க! எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாரு.”

பெரியவர் உமையாளை அண்ணாந்து பார்த்தார். “நெசந்தானா தாயி? அவ்வளவு பலமாவா இழுக்குது அது?”

அவர் கண்ணில் இருந்த ஆசையை அவள் பார்த்தாள். தெருவில் இன்னும் நாலைந்து பேர் அவள் பதிலுக்காக நின்றார்கள். அளவைக் கூட்டியோ குறைத்தோ அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை.

“ரொம்பப் பலமா இழுக்கும் ஐயா,” என்றாள். “யாராலயும் தாண்டி வரமுடியாது.”

“அதானே பார்த்தேன்! நான் பெத்த புள்ள அப்படி இருக்கமாட்டானே!” பெரியவர் மகனின் தோளை அடித்துச் சிரித்தார். சிரிப்பு அடங்காமலே, வாசலுக்கு வந்து நின்ற வயிரவனைப் பார்த்துக் கேட்டார். “அப்ப மாஸ்டர், தங்கச்சி அன்னைக்கு வராததுக்கும் இதானா காரணம்? ஊரு பாவம் என்னென்னமோ பேசிச்சே!”

வயிரவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். உமையாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா, அதான்,” என்றார் வயிரவன். “இல்லேன்னா என் தங்கச்சி வராம இருப்பாளா?”

பெரியவர் தலையாட்டிக்கொண்டார். உமையாளுக்கு அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் வரவில்லை.